டிக்கியில் கொதித்த பெட்டி

அரியாங்குப்பம் பாலத்தின் மேல் ஓடும் காரிலிருந்து நான் குதித்தேன் என்று என் கணவர் வீட்டு உறவினர்கள் சொல்லிக்கொண்டு திரிவது முழு உண்மை அல்ல. கார் ஓடவில்லை, ஊர்ந்துகொண்டிருந்தது. நானும் குதிக்கவில்லை, கதவைத் திறந்து இறங்கினேன். ஒரு செருப்பு காரிலேயே தங்கிவிட்டதால் பார்த்தவர்களுக்குக் குதித்த மாதிரி தோன்றியிருக்கலாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அரியாங்குப்பத்தில் நாத்தனார் பேத்திக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கும் சடங்கு. விருந்து முடிந்து, புதுச்சேரி சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மகள் காரை ஓட்டினாள். முன்சீட்டில் என் கணவர் பிரியாணித் தூக்கத்தில் இருந்தார். பின்சீட்டில் நான், மடியில் மீந்த பிரியாணித் தூக்கோடு உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால், டிக்கியில், மகளின் ஆம்ப்ளிஃபயரும் அதோடு சேர்ந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தன. அந்தப் பெட்டி ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் என் ஈரல் ஒருமுறை இடம் மாறித் திரும்பி வந்தது.

பாலத்தில் ஏறியதும் பாட்டு சட்டென்று நின்றது. முதலில் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அடுத்த மூச்சில் வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணியின் மேல் மறந்து வைத்துவிட்டால் வருமே, அந்த வாடை.

"நெருப்பு!" என்று கத்திக்கொண்டே தூக்கைச் சீட்டில் தள்ளிவிட்டு இறங்கிவிட்டேன்.

கணவர் விழித்தார். நெருப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முதலில் காப்பாற்றியது பிரியாணித் தூக்கை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாய்ப் போய் நின்றுகொண்டார். மகள் மட்டும் ஹசார்டு விளக்கைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்து, நிதானமாக இறங்கினாள். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. ஸ்கூட்டர்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஷேர் ஆட்டோவில் போன மீன்காரம்மா ஒருவர் இறங்கிவந்து, கூடையிலிருந்து ஐஸை இரண்டு கையிலும் அள்ளி, "எங்கம்மா எரியுது, எங்க போடணும்?" என்று கேட்டார்.

மகள் டிக்கியைத் திறந்தாள். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. கறுப்பாக, முதுகில் வரிவரியாகத் துடுப்பு வைத்த அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி, ஓரத்தில் சின்னச் சிவப்பு விளக்கோடு சாதுவாக உட்கார்ந்திருந்தது. நான் அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். தோசை ஊற்றலாம்.

பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது! பாட்டுப் பொட்டி சூடாயிடுச்சுன்னு பாலத்தையே நிறுத்திட்டியா? எங்க டிரைவர் தலை இதைவிட சூடா இருக்கு, வந்து தொட்டுப் பாரு."

மகள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மீன்காரம்மாவுக்கு மட்டும் நன்றி சொன்னாள். சுட்ட என் கையில் அந்தம்மா ஐஸை வைத்து மூடிவிட்டுப் போயிருந்தார். வீடு வந்து சேரும்வரை அது கரைந்துகொண்டிருந்தது, மீன் வாடையோடு.

இதை வெறும் பாட்டுப் பெட்டிச் சண்டையாக நினைத்துவிடக் கூடாது. மகளுக்கு ஓசூரில் புது வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சேர வேண்டும். அவள் அந்தக் காரை எடுத்துக்கொண்டு, தனியாக, தானே ஓட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தாள். கார் பழசு. என் கணவருக்கு ஆபீஸ் போக ஸ்கூட்டர் போதும் என்பதால் அவர் சரி என்றுவிட்டார். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருபத்து நான்கு வயதுப் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது என்பது காரணமாகாது என்பதை அவள் பத்தாம் வகுப்பிலேயே நிரூபித்துவிட்டாள்.

இப்போது காரணம் தானாக வந்து டிக்கியில் சிவப்பு விளக்காக எரிந்தது.

"இந்தச் சூடு ஆறாம கார் எங்கயும் போவாது" என்றேன்.

"அப்ப நான் எப்படிப் போறதாம்?"

"பஸ்ல போ. டிரைவர் இருப்பாரு, கண்டக்டர் இருப்பாரு, கூட அம்பது பேரு இருப்பாங்க."

"அந்தப் பொட்டியைக் கழட்டி வெச்சிட்டுப் போயேன்" என்றார் கணவர்.

மகள் சிரித்தாள். "ஆம்ப்பைக் கழட்டினா நாளைக்கு ஏசியில வாடை வருதுன்னுவாங்க. ஏசியைக் கழட்டினா டயர்ல வாடை வரும். எனக்குத் தெரியாதா அம்மாவை? இது என் முதல் சம்பளத்துல வாங்கினது. இதை இங்கயே, அம்மா கண்ணெதிர்ல சரி பண்ணிட்டுத்தான் போவேன்."

அவள் சொன்னது சரிதான். ஏசியைப் பற்றி நான் ஏற்கெனவே யோசித்திருந்தேன்.

என் கணவரின் அண்ணன்தான் பஞ்சாயத்து பேசினார். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வண்டிப் பிரிவில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர். பக்கத்துத் தெருதான். அவர் இல்லாமல் எங்கள் வீட்டில் குழாய்க்கு வாஷர்கூட மாற்ற முடியாது. "அலோர்" என்று ஆரம்பித்தார். பிரெஞ்சில் 'அப்படின்னா' என்று அர்த்தம்; எதையும் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். "அலோர், யாருக்கு பயமோ அவங்க கைதான் ஜட்ஜு. கடைசியா ஒரு டெஸ்ட் டிரைவ். வண்டி ஓடி முடிஞ்சதும் இந்தம்மா அந்தப் பொட்டி மேல கை வைக்கட்டும். சுடுதுன்னா கார் இங்க நிக்கும். சுடலன்னா கார் ஓசூருக்கு. அதுக்கு மேல யாரும் வாய் தொறக்கக் கூடாது. வுவாலா, அவ்ளோதான்."

எல்லோரும் ஒத்துக்கொண்டோம். நான்தான் முதலில் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பெட்டியை யாராலும் சரி செய்ய முடியாது என்று ஏனோ உறுதியாக நம்பினேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நோயாளி படுத்திருந்த மாதிரி இருந்தது. வந்தவர் போனவர் எல்லோரும் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வைத்தியம் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

மாமாவின் முதல் தீர்ப்பு, வெயில். காரை எதிர்வீட்டு மதில் நிழலுக்கு மாற்றினோம். நிழலில் பெட்டி அதே அளவு கொதித்தது. மாமா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்னத் திருகைக் கண்டுபிடித்தார். "யாரு இதை இந்த முனை வரைக்கும் திருவி வெச்சது? கெயின் இது, சத்தத்துக்குப் பலம் ஏத்தற திருகு. மாட்டை அடிச்சு ஓட்டற மாதிரி ஓட்டியிருக்கீங்க பாவம் இந்தப் பெட்டியை." அவர் அதைக் குறைத்ததும் பாட்டு அடங்கியது. என் ஈரலும் ஓரிடத்தில் நின்றது. சூடு கொஞ்சம் தள்ளி வந்தது, ஆனால் வந்தது.

அடுத்து, அதை மாட்டிக் கொடுத்த ஆடியோ கடைக்காரர். அவரை வரவழைக்கவே மகள் பலமுறை போன் செய்ய வேண்டியிருந்தது. வந்தவர் பெட்டியைத் தொடவேயில்லை. விரலால் காற்றில் சுட்டிக்காட்டினார்.

"எங்க வேலையில குறை இல்லம்மா. இன்னா பாட்டு கேக்கறாங்க உங்க பொண்ணு?"

"எல்லாம் கேப்பேன்" என்றாள் மகள்.

"குத்தா?"

"குத்தும் கேப்பேன்."

"அதான் பாத்தேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "மெலடியா போடச் சொல்லுங்கம்மா. ஆம்ப்பும் மனுசன் மாதிரிதான். நாள் பூரா குத்தாட்டம் போட்டா யாருக்குத்தான் சூடாவாது?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடைக்காரர் என் பக்கம் பேசியதில் எனக்குப் பரம திருப்தி. மகள் விடவில்லை. அவர் எதிரிலேயே மெலடி போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறவைத்து, என் போனிலிருந்து கோயில் திருவிழாப் பாட்டைப் போட்டாள். மாதா தேர் கிளம்பும்போது போடுவார்களே, பேண்டு வாத்தியமும் பெரிய டிரம்மும் வைத்துப் பாடியது. இரண்டாவது சரணத்தில் சிவப்பு விளக்கு.

"பாரும்மா, மாதா பாட்டுக்கே சூடாவுது. இதுவும் குத்துதானா?"

கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து கம்ப்யூட்டரில் இருக்கும் சின்ன மின்விசிறி ஒன்றை எடுத்துப் பெட்டிக்கு எதிரே பொருத்திவிட்டுப் போனார். அது கொசு மாதிரி ரீங்காரம் போட்டது. பெட்டி முன்னைவிடச் சற்று நேரம் தாங்கியது, அவ்வளவுதான். காய்ச்சல்காரனுக்கு விசிறி வீசினால் காய்ச்சல் போகுமா என்று மாமா கேட்டார்.

நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். எதையும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் தொழில் நோய். அந்த வாரம் பிள்ளைகள் புத்தகம் கேட்டு வந்து நின்றதுகூடத் தெரியாமல் போனில் கார் தீப்பிடித்த படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்ப்ளிஃபயர் ஏன் சூடாகும் என்று உலகம் முழுக்க மனிதர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஸ்பீக்கர் ஒத்துப்போகாவிட்டால் சூடாகும். வயர் மெலிந்திருந்தால் சூடாகும். காற்று இல்லாவிட்டால் சூடாகும். எர்த் சரியில்லாவிட்டால் சூடாகும். எல்லாவற்றையும் மகளுக்கு அனுப்பினேன். கூடவே எரிந்த கார்களையும் அனுப்பினேன். அவள் முதல் வகைக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். இரண்டாவது வகையைத் திறக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை நான் என் சொந்த வைத்தியத்தைச் செய்யப் போனேன். வீட்டில் எப்போதும் ஒரு பாட்டில் தீர்த்தம் வைத்திருப்பேன். மகள் உள்ளே இருந்த சமயம் பார்த்து டிக்கியைத் திறந்து மூடியைத் திருகினேன்.

"ம்மா! அது எலக்ட்ரானிக்ஸ்!" மாடிப் பால்கனியிலிருந்து அவள் அலறினாள்.

"ஒரு சொட்டுதான்டி."

"ஒரு சொட்டு போதும்! வெளியில டயர்ல தெளி. எவ்வளவு வேணும்னாலும் தெளி. உள்ள வேணாம்!"

நான்கு டயரிலும் தெளித்தேன். ஸ்டெப்னியிலும் தெளித்தேன். எதிர்வீட்டு அம்மா, வண்டியை விற்கப் போறீங்களா, வாங்கியிருக்கீங்களா என்று கேட்டார்.

சனிக்கிழமை மத்தியானம். மாமாவும் வரவில்லை, கடைக்காரரும் போனை எடுக்கவில்லை. மகள் ஆன்லைனில் வாங்கிய மல்டிமீட்டரோடு டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். மீட்டரிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு குச்சிகள் தொங்கின. உதவிக்கு ஆள் இல்லாததால் எதிரியையே கூப்பிட்டாள்.

"ம்மா, கொஞ்சம் வாயேன். ஒரு குச்சியைப் புடி."

"ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது. பேட்டரிதான்."

"உனக்குத் தெரியுமா?"

"ம்மா!"

சமையலறை ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தேன். அவள் ஒரு குச்சியை என் கையில் திணித்தாள்.

எஞ்சின் ஓடியது, பாட்டு அதிர்ந்தது. அவள் கத்திக் கத்தி விளக்கினாள். முன்னால் பேட்டரியில் கிட்டத்தட்ட பதினாலு வோல்ட் இருக்கிறது. பின்னால் பெட்டிக்கு வந்து சேர்வது பதினொன்றுதான். டிரம் விழும்போதெல்லாம் இன்னும் குறைகிறது. வேண்டியது கிடைக்காததால் பெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறது. அதனால்தான் சூடு.

"நடுவுல எங்கயோ மூணு வோல்ட் காணாம போவுது."

"யாரு எடுக்கறாங்க?"

"அதைத்தான் தேடறேன்."

சிவப்பு வயரை முன்னாலிருந்து பின்னால் வரை சோதித்தாள். அது யோக்கியமான வயர். மிச்சம் இருந்தது கறுப்பு வயர், எர்த். அதன் முனையில் ஒரு செம்பு வளையம். அந்த வளையத்தை டிக்கித் தரையில், கார்ப்பெட் துண்டுக்கு அடியில், ஒரு போல்ட்டுக்குக் கீழே வைத்து முறுக்கியிருந்தார்கள். பெட்டிக்குள் போன கரண்ட் காரின் உடம்பு வழியாகத் திரும்பிப் போக அதுதான் வாசல். ஒரு குச்சியைப் பெட்டியின் எர்த் முனையில் அவள் வைத்தாள். மற்றதை டிக்கிக் கொக்கியின் வெறும் இரும்பில் நான் வைத்தேன்.

"இங்க சைபர் காட்டணும்மா. எவ்ளோ காட்டுது?"

"ரெண்டரை."

அவள் வாயைப் பிளந்தாள். "இங்கதான்! ஆனா கடையில வேலை செஞ்சப்ப நான் கூடவே இருந்தேனே. பெயிண்டை நல்லா சுரண்டிட்டு வெறும் இரும்புல வெச்சுதான் முறுக்கினாங்க. போட்டோகூட எடுத்தேன்." போட்டோவைத் தேடிப் போனை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனாள்.

நான் குனிந்து போல்ட்டைப் பார்த்தேன். சுரண்டிய தடமே அங்கே இல்லை. வெள்ளி மாதிரி பளபளவென்று, சீராக, ஒரு பிரஷ் கோடுகூடத் தெரியாமல் அலுமினியப் பெயிண்ட். அது வளையத்தின் ஓரத்தோடு நிற்கவில்லை. வளையத்துக்கு அடியிலும் போயிருந்தது.

அந்தக் கை எனக்குத் தெரியும். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் இரும்பு வைத்திருப்பவர்கள் எல்லோரும் துருவோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் என் கணவர் போடுவது போர். ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் வீட்டு கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, மோட்டார் மூடி, துணி காயப்போடும் கம்பம் எல்லாவற்றுக்கும் அலுமினியப் பெயிண்ட் அடிப்பார். ஒருமுறை பிரிட்ஜின் கால்களுக்கும் அடித்தார். அசையாமல் நிற்கிற இரும்பு எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை. இந்த வருடம் கார் நிறைய நாள் அசையாமல் நின்றிருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன். "ஏய், வாடி இங்க! உங்கப்பாடி! உங்கப்பா வேலைடி இது!"

தன் பெயர் அடிபட்டதும் கணவர் பனியனோடு வெளியே வந்தார். போல்ட்டைக் காட்டினோம். அவர் முகத்தில் துளிக்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை. பெருமைதான் இருந்தது.

"ஆமா, நான்தான் அடிச்சேன். நீங்கள்லாம் பாக்கவே மாட்டீங்க. இரும்பை அம்மணமா சுரண்டி விட்டுட்டுப் போயிருந்தான் அந்தக் கடைக்காரன். ஒரு மழைக்கு ஓட்டை விழுந்துடும். போல்ட்டைக் கழட்டினேன், அடியில ரெண்டு கோட் அடிச்சேன், நல்லா காய வெச்சேன், அப்படியே திருப்பி மாட்டினேன்."

"அடியிலயா ப்பா?"

"அடியிலதான்டி துரு புடிக்கும்!"

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் புரியவில்லை. சிரித்தாள். "ப்பா, கரண்டு வெளிய போற வாசல்ல கதவு சாத்தி, தாப்பாளும் போட்டு, அதுமேல ரெண்டு கோட் பெயிண்டும் அடிச்சிருக்கீங்க ப்பா!"

நானும் சிரித்தேன். ஒரு நூலகர் மீட்டர் பிடித்துத் திருடனைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி எனக்கு. ஸ்பேனர் எடுத்துவர அவள் உள்ளே ஓடியதும் கணவர் என் காதருகே வந்தார்.

"நீ ஏன்டி சொன்ன?"

"எதை?"

"நான் தெரியாம பண்ணேன். நீ தெரிஞ்சு பண்ணிட்ட. இப்ப அவ கிளம்பிடுவா இல்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கார்ப்பெட் துண்டைத் திரும்ப இழுத்து மூடியிருந்தால் போதும். யாருக்கும் தெரிந்திருக்காது. திங்கட்கிழமை அவள் பஸ்ஸில், அம்பது பேரோடு போயிருப்பாள். சரி என்று காரை எடுக்கச் சொன்ன மனிதர் இத்தனை நாளும் என்னைப் போலவேதான் இருந்திருக்கிறார் என்பதும் அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் நடுவே அந்த போல்ட் வெள்ளியாய்ப் பளபளத்தது.

உப்புத்தாள் வைத்து மகள் பெயிண்டைத் தேய்த்தெடுத்தாள். கணவர் அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நிற்பவர் மாதிரி நின்றார். இரும்பு வெளியே தெரியத் தெரிய அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. வளையத்தை வெறும் இரும்பில் வைத்து இறுக்கிய பிறகு, மேலே வாஸ்லின் தடவிக்கொள்ளலாம், அதைச் சுற்றிப் பெயிண்டும் அடித்துக்கொள்ளலாம். அடியில் மட்டும் கூடாது. அவர் மெல்லிய பிரஷ் எடுத்துவந்து, குழந்தைக்கு மை வைப்பது போலச் சுற்றி வைத்தார். திரும்பவும் குச்சியை வைத்தோம். மீட்டர் கிட்டத்தட்ட சைபரில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டெஸ்ட் டிரைவ். மாமா தொப்பி போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். பின்சீட்டின் பாதியை மடக்கிவிட்டு, டிக்கிக்குக் கை எட்டும்படி நான் உட்கார்ந்தேன். மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள். கெயின் மாமா வைத்த இடத்தில் இருந்தது, ஆனால் பாட்டு முழுச் சத்தத்தில். கணவர் வரவில்லை. கேட்டுக்கு ஏதோ டச்சப் பாக்கி இருக்கிறது என்றார்.

லாஸ்பேட்டை மேட்டில் ஏறி, விமான நிலையம் வரை போய், திரும்பி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்துக்குள் மாட்டி, வெளியே வந்து, மறுபடி மேடு ஏறினோம். பாட்டு ஒருமுறைகூட நிற்கவில்லை. மாமா ஜன்னலில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். "அந்தக் காலத்துல எங்க லாரியில இது மட்டும் இருந்திருந்தா, நான் ரிட்டயரே ஆகியிருக்க மாட்டேன்" என்றார். நான் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தபடியே வந்தேன். எடுத்தால் அந்த நேரம் பார்த்துச் சூடாகிவிடுமோ என்று பயம். சூடாகாமலே போய்விடுமோ என்றும் பயம்.

கடைசியில் மகள் பாட்டை அணைத்தாள்.

"சொல்லும்மா. சுடுதா?"

ஒரு வார்த்தை போதும். என் கைதான் ஜட்ஜு. அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பேச்சு. நான் 'சுடுது' என்று சொன்னால் மாமாவால்கூட எட்டித் தொட்டுப் பார்க்க முடியாது. அவர் முதுகுவலிக்காரர். வார்த்தை நாக்கு வரை வந்தது.

கண்ணாடியில் அவள் என்னைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். அவள் பார்க்கவில்லை. அவள் வாழ்க்கையில் அப்போதைக்கு மிகப் பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடத் திரும்பாமல், சைக்கிளில் இரண்டு கேஸ் சிலிண்டர் கட்டிக்கொண்டு குறுக்கே வந்த ஒருவருக்காக வேகத்தைக் குறைத்து, அவர் தாண்டும்வரை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து நான் கத்திக்கொண்டிருந்தது அதற்காகத்தான். ரோட்டைப் பாரு, ரோட்டைப் பாரு, ரோட்டைப் பாரு.

"இன்னாம்மா, கை வெந்துடுச்சா?" என்றார் மாமா.

"இல்ல மாமா. வெதுவெதுன்னுதான் இருக்கு. அதுவும் என் கைச் சூடாத்தான் இருக்கும்."

"வுவாலா!"

மகள் ஹாரனைத் தேவையில்லாமல் ஒருமுறை அடித்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டாள். தெரு விழிக்காத நேரம் என்பதால் பாட்டுப் போடவில்லை என்று நினைத்தேன். கணவர் டயரைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். கார் திரும்பியதும் நான் போன் செய்ய ஆரம்பித்தேன். எடுக்கவில்லை. திண்டிவனம் தாண்டியிருப்பாள் என்று ஒரு முறை. செஞ்சி வந்திருப்பாள் என்று ஒரு முறை. நடுவில் பாலத்தில் வந்த வாடை நினைவுக்கு வந்ததால் சில முறை. கல்லூரியில் விடுப்பு எடுத்திருந்தேன். எடுக்காமல் போயிருந்தால் அன்று யாருக்கும் சரியான புத்தகம் கிடைத்திருக்காது.

"அந்தப் பாட்டுச் சத்தத்துல போன் அடிக்கறது எப்படிக் கேக்கும்?" என்றார் கணவர். அவரும் தன் போனிலிருந்து தனியாக முயற்சி செய்துகொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

திருவண்ணாமலையிலிருந்து அவளே கூப்பிட்டாள். டீக்கடையில் நிறுத்தியிருப்பதாகச் சொன்னாள்.

"எத்தனை மிஸ்டு கால்ம்மா! ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?"

"எடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். அடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே. பொட்டி மேல கை வெச்சுப் பாத்தியா? சுடுதா?"

போனில் டீ ஆற்றும் சத்தம் கேட்டது.

"ம்மா, நான் பாட்டே போடல."

"ஏன்? ரிப்பேரா?"

"இல்ல. லாரி லாரியா வருதும்மா. தனியா இருக்கேனா, எஞ்சின் சத்தம் சரியா இருக்கா, ஏதாவது வாடை வருதான்னு கேட்டுக்கிட்டே வந்தேன். ஏசியைக்கூட அணைச்சுட்டேன்."

கணவர் பக்கத்தில் நின்று, என்ன சொல்றா, என்ன சொல்றா என்று என் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துடு, அப்பா பஸ்ஸில் வந்து காரை ஓட்டிக்கொண்டு வருவார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பு" என்றேன். "அந்தக் குத்துப்பாட்டைப் போடு. நல்லா சத்தமா போடு. எர்த் எல்லாம் நானே பாத்தது, ஒண்ணும் ஆவாது. நான் போனை வெச்சுடறேன்."

வைத்துவிட்டேன். அவள் போட்டாளா என்று தெரிந்துகொள்ள மறுபடி கூப்பிடக் கூடாது என்பதற்காகப் போனைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, தன் போனையும் சேர்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயிண்ட் பிரஷ் எங்கே என்று கேட்டார்.